காலி குடோன் கையில் இருக்கிறது: கொங்குப் பக்கம் செல்ஃப் ஸ்டோரேஜுக்கு எந்த வழி ஏற்றது?

பல்லடம், சோமனூர், அவிநாசி சுற்றுவட்டாரத்தில் தறி நின்றுபோன செட்டுகள் (தறிக் கொட்டகைகள்) ஏராளம். கோவைக்குள் பழைய பஞ்சுக் குடோன்கள், ஈரோட்டுப் பக்கம் ஒரு காலத்தில் மஞ்சள் வைத்திருந்த குடோன்கள். திருப்பூரில் சின்ன அளவில் செல்ஃப் ஸ்டோரேஜ், அதாவது குடோனை அறைகளாகத் தடுத்து, சாமான் வைக்க மாத வாடகைக்கு விடும் தொழிலை நடத்துகிறேன் என்பதால், இப்படிக் கட்டடம் வைத்திருப்பவர்கள் என்னிடம் வந்து கேட்பார்கள்: "ஏனுங்க, மொத்தமா ஒரே ஆளுக்கு விட்டுட்டு நிம்மதியா இருக்கறதா, இல்ல ரூம் ரூமாத் தடுத்து செல்ஃப் ஸ்டோரேஜ் போடறதா?" அதோடு இன்னொரு கேள்வியும் வரும். டிஜிட்டல் பூட்டு, மொபைல் ஆப் எல்லாம் வைத்துப் புதுசாகச் செய்தால்தானே இது ஓடும்?

இரண்டையும் சேர்த்தே பார்ப்போம். புதுமை இல்லாமல் இந்தத் தொழில் ஓடாது என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் புதுமைக்கான பணத்தை எதில் முதலில் போடுவது என்பதில்தான் ஆளுக்கு ஆள் தடுமாறுகிறார்கள்.

முதலில் கணக்கு. உங்களிடம் 4,000 சதுர அடி செட்டு இருக்கிறது, மொத்தமாக விட்டால் சதுர அடிக்கு 10 ரூபாய் கிடைக்கும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மாதம் 40,000. அதையே அறைகளாகத் தடுத்தால் நடைபாதை, சாமான் இறக்கும் இடம், ஒரு சின்ன ஆபீஸ் என்று மூன்றில் ஒரு பங்கு போய்விடும். வாடகைக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 2,700 சதுர அடி. எல்லா அறையும் நிரம்பினாலும்கூட சதுர அடிக்கு 15 ரூபாய் வாங்கினால்தான் பழைய 40,000 வரும். ஆரம்பத்தில் எல்லா அறையும் நிரம்பாது. நூற்றுக்கு அறுபது நிரம்பினால் 1,620 சதுர அடி, அப்போது 25 ரூபாய் வேண்டும். ஒரு ஆள் சம்பளம், கரண்ட், இன்சூரன்ஸ் என்று மாதம் 20,000 கூடுதல் செலவு என்றால் 37 ரூபாய்.

அதாவது மொத்த வாடகையைப் போல நாலு மடங்குக்குக் கிட்டத்தட்ட. கேட்டதும் மலைப்பாக இருக்கும். ஆனால் 50 சதுர அடி அறைக்கு அது மாதம் 1,850 ரூபாய்தான். ஒரு கட்டில், பீரோ, பிரிட்ஜ், வாஷிங் மெஷின், இருபது அட்டைப்பெட்டி அதில் அடங்கும். வீட்டை இடித்துக் கட்டுகிற குடும்பம், சாமான் வைப்பதற்காகவே இன்னொரு வீட்டை வாடகைக்கு எடுப்பதைவிட இது மலிவு. சதுர அடிக் கணக்கில் யோசிப்பவர் குடோன் உரிமையாளர் மட்டுமே. வாடிக்கையாளர் மாதக் கணக்கில்தான் யோசிக்கிறார். இந்த வித்தியாசத்தில்தான் தொழிலே நிற்கிறது.

மொத்தமாக விடுவதில் ஒரு ஆபத்து உண்டு. அந்த ஒரு ஆள் காலி செய்தால் அன்றே வருமானம் பூஜ்யம். நாற்பது அறையில் ஒருவர் போனால் அப்படி ஆகாது. இருந்தாலும், வெளியூரில் இருக்கிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் எடுக்க மனமில்லை, தினம் ஒருமுறை செட்டுக்குப் போய்ப் பார்க்க ஆள் இல்லை என்றால், தயங்காமல் மொத்தமாகவே விட்டுவிடுங்கள். மேற்கொண்டு நான் எழுதுவது மற்றவர்களுக்கு.

ஆளில்லாக் குடோனா, ஆள் உள்ள குடோனா

அமெரிக்காவில் 1960களில் டெக்சாஸ் பக்கம் உருவெடுத்த தொழில் இது. 1972இல் தொடங்கிய பப்ளிக் ஸ்டோரேஜ் நிறுவனம் அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. இன்றைக்கு அங்கே பல இடங்களில் ஆளே கிடையாது. போனில் அறை பிடிக்கலாம், கேட்டில் எண் அடித்து உள்ளே போகலாம், பணம் தானாகக் கழிந்துவிடும். இதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் முதல் பத்து லட்சத்தையும் பூட்டிலும் ஆப்பிலும் போடத் துடிக்கிறார்கள்.

நம் ஊர் வாடிக்கையாளர் வந்ததும் கேட்கிற முதல் கேள்வி வேறு. "சாவி யார்கிட்டங்க இருக்கும்?" வெளிநாட்டுக்குப் போகிற மகனுடன் அறை பார்க்க வந்த ஒரு அம்மாவை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் கொண்டுவந்த சாமானில் பெரிய பங்கு சீர்ப் பாத்திரங்கள். பித்தளை அண்டா, போசி, குத்துவிளக்கு, ஒவ்வொன்றின் கழுத்திலும் யார் கொடுத்தது என்று புள்ளிபுள்ளியாக வெட்டிய பெயர். அவற்றைப் பழைய வேட்டியில் சுற்றி, மேலே தானே கையால் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தார். கேமரா எத்தனை என்று அவர் கேட்கவில்லை. தன் வீட்டிலிருந்து எடுத்து வந்த பூட்டைத் தானே மாட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டார். அவருக்கு ஓடிபி வரும் பூட்டைக் கொடுத்திருந்தால் சாமானைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போயிருப்பார்.

மகனுக்குத் தேவை வேறு. அவர் வெளிநாட்டிலிருந்து, "சித்தப்பா வர்றார், திறந்து விடுங்க" என்பார். அதற்கு எண் பூட்டு உதவும். ஆகவே என் தீர்ப்பு: மின்னணுப் பூட்டு வெளிக் கேட்டில் மட்டும், அறைக்கு வாடிக்கையாளரின் சொந்தப் பூட்டு. கேட்டில் யார், எத்தனை மணிக்கு வந்தார் என்பது பதிவாகும், அறைச் சாவி உரியவரிடம் இருக்கும். செலவும் நாற்பது பூட்டிலிருந்து ஒரு பூட்டுக்கு இறங்கிவிடும். மாதாந்திர மின்தடை அன்றைக்குக் காலை 9 மணியிலிருந்து மாலை வரை கரண்ட் இருக்காது என்பதையும் மறக்க வேண்டாம். அந்த ஒரு கேட்டுக்கு யுபிஎஸ் போடுவது எளிது.

பணம் வசூலிப்பதில் மட்டும் தானியங்கி முறையைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம். யுபிஐ ஆட்டோபே 2020இல் வந்த பிறகு ஒன்றாம் தேதி போன் போட்டு வாடகை கேட்கிற வேலை பெருமளவு மிச்சம். இது வெறும் வசதி இல்லை, காரணம் சட்டத்தில் இருக்கிறது. அமெரிக்க மாநிலங்களில் வாடகை பாக்கி வைத்தவரின் சாமானை நோட்டீஸ் கொடுத்து ஏலம் விட செல்ஃப் ஸ்டோரேஜுக்கென்றே தனிச் சட்டங்கள் உண்டு. நமக்கு அப்படி இல்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 171வது பிரிவு, பாக்கிக்காகப் பொருளைப் பிடித்து வைக்கும் பொது உரிமையை வங்கிகள் உள்ளிட்ட சிலருக்குத்தான் கொடுக்கிறது. சாதாரணக் குடோன்காரர் அந்தப் பட்டியலில் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினால்தான் உண்டு. அதனால் மூன்று மாத முன்பணமும், ஆட்டோபேயும், பாக்கி விழுந்தால் என்ன நடக்கும் என்று தெளிவாகச் சொல்லும் ஒப்பந்தமும் உங்களுக்கு ஆப்பைவிட முக்கியம். அந்த ஒப்பந்தத்தைத் தமிழில், படித்தால் புரிகிற மாதிரி, ஒரு நல்ல வக்கீலை வைத்து எழுதுங்கள். பதினைந்து பக்க ஆங்கிலக் காகிதத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு, பிறகு விதி பேசினால் சண்டைதான் வரும்.

வீட்டுக்கே வண்டி அனுப்பலாமா

இரண்டாவது புதுமை, வாடிக்கையாளர் குடோனுக்கே வராமல் செய்வது. நீங்களே டாடா ஏஸ் அனுப்பி, பெட்டியில் போட்டு, எண் ஒட்டி, ரேக்கில் ஏற்றிவிடுகிறீர்கள். வேண்டும்போது திருப்பி அனுப்புகிறீர்கள். இடக் கணக்கில் இதை அடிக்க முடியாது. வாடிக்கையாளர் நடக்க நடைபாதை வேண்டாம், கதவு வேண்டாம், பன்னிரண்டு அடி உயரம் வரை அடுக்கலாம். முதலில் சொன்ன மூன்றில் ஒரு பங்கு இழப்பு பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.

ஆனால் சாவி கை மாறுகிறது. அறையும் பூட்டும் அவருடையது என்னும்போது நீங்கள் இடத்தைப் பயன்படுத்த அனுமதி மட்டும் கொடுக்கிறீர்கள். 1882ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டத்தின் 52வது பிரிவு சொல்லும் லைசென்ஸ் என்ற வடிவில் ஒப்பந்தத்தை எழுதிக்கொள்ளலாம். பெட்டியை நீங்களே எடுத்து வந்து நீங்களே வைத்தால், பொருளே உங்கள் பொறுப்பில் வந்துவிடுகிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 151வது பிரிவுப்படி, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாகப் பார்ப்பாரோ அவ்வளவு கவனமாக நீங்கள் பார்க்க வேண்டும். டிவியில் கீறல் முன்பே இருந்ததா, வண்டியில் விழுந்ததா என்ற வாக்குவாதத்துக்கு அவர் வீட்டு வாசலிலேயே எடுத்த போட்டோ இல்லையென்றால் பதில் கிடையாது.

அப்புறம் தூரம். இந்த முறைக்கு வீடுகள் நெருக்கமாக இருக்க வேண்டும். சரவணம்பட்டி, பீளமேடு, ராமநாதபுரம், வடவள்ளி என்று கோவைக்குள் ஒரே நடையில் மூன்று வீடு பார்க்க முடிந்தால் கட்டுபடியாகும். கோபியிலோ தாராபுரத்திலோ ஒரு வீட்டுக்கு ஒரு நடை என்றால் டீசலும் லோடுமேன் கூலியும் வாடகையைத் தின்றுவிடும். குடோன் இருக்கும் பகுதியில் லோடுமேன் சங்கம் இருந்தால் யார் இறக்குவது, கூலி என்ன என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள்.

கோவைக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான். வண்டி வாங்காதீர்கள். வீட்டுச் சாமானைக் கட்டி ஏற்றி இறக்கும் உள்ளூர் பேக்கர்ஸ் ஒருவரோடு பேசி, நாலைந்து மாதம் அவர் வண்டியிலேயே செய்து பாருங்கள். கேட்பவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்களா, எந்தப் பகுதியிலிருந்து கேட்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். தேவை இல்லையென்றால் நிறுத்திக்கொள்ளலாம், பெரிய நட்டம் இருக்காது.

வியாபாரிக்குத் தேவையானது வேறு

எனக்கு அதிக நம்பிக்கை இருப்பது மூன்றாவது வழியில். இதைப் பெரும்பாலோர் புதுமைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

திருப்பூரில் வீட்டு மாடியில் பனியன், லெக்கின்ஸ், குழந்தைத் துணி வைத்து ஆன்லைனில் விற்பவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். சரக்கு ஹாலுக்கு வந்து, படுக்கையறைக்கு வந்து, கடைசியில் வீட்டில் சண்டை வந்த பிறகுதான் குடோன் தேடுவார்கள். இவர்களுக்கு 100 சதுர அடி போதும். ஆனால் அறை மட்டும் போதாது. சரக்கு வைக்கிற இடத்தைத் தங்கள் ஜிஎஸ்டி பதிவில் கூடுதல் தொழில் இடமாகச் சேர்க்க வேண்டும். அதற்கு உங்கள் ஒப்பந்தம், ஆட்சேபணை இல்லை என்ற கடிதம், இடத்தின் கரண்ட் பில் அல்லது சொத்து வரி ரசீது வேண்டும். பல குடோன்காரர்கள் இதற்கு இழுத்தடிப்பார்கள். இந்தக் காகிதங்களைத் தயாராக ஒரு ஃபைலில் வைத்து, அறை பிடித்த அன்றே கொடுத்துப் பாருங்கள். ஒருவர் போய் நாலு பேரைக் கூட்டி வருவார். செலவு, முத்திரைத்தாளும் ஜெராக்ஸும்தான்.

இவர்களுக்காகவே வாசல் பக்கம் பொதுவாக ஒரு பேக்கிங் மேஜை, தராசு, லேபிள் பிரிண்டர், கூரியர் வண்டி வந்து நிற்க நிழல், இவ்வளவு செய்தால் அறை வெறும் அறையாக இல்லாமல் கடையாகிவிடும். கடையை யாரும் மூன்று மாதத்தில் காலி செய்யமாட்டார்கள்.

வரியிலும் வியாபாரிக்கும் குடும்பத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. வீட்டுச் சாமானோ கடைச் சரக்கோ வைக்க இடம் கொடுப்பதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. விவசாய விளைபொருளைச் சேமிப்பதற்கு விலக்கு உண்டு. ஜிஎஸ்டி பதிவு உள்ள வியாபாரி அந்த 18 சதவீதத்தைத் தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வார், அதனால் பில் கேட்டு வாங்குவார். குடும்பத்துக்கு அது சுமைதான். ஆண்டு மொத்த வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் நீங்கள் பதிவு செய்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. அப்போது குடும்பங்களுக்கு விலை குறைவாக இருக்கும், ஆனால் பெரிய கம்பெனிகள் வரமாட்டார்கள். யாரைக் கூப்பிடப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்துவிட்டு ஆடிட்டரிடம் போங்கள்.

ஆடிட்டர் என்றதும் இன்னொன்று. ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டு அறிக்கைக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். திருப்பூர், கரூர் ஏற்றுமதிக் கம்பெனிகளின் மாடிப்படிக்கு அடியில் அந்த ஃபைல்கள்தான் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. அட்டைப்பெட்டிக்கு இவ்வளவு என்று மாத வாடகை வைத்து, கரையானும் எலியும் அண்டாத ஒரு அறையை இதற்கென்றே ஒதுக்கினால், ஆறு வருடம் அசையாத வாடிக்கையாளர்கள் கிடைப்பார்கள். சமையல் காண்ட்ராக்டர்களின் பாத்திரங்களும் பந்தல்காரர்களின் நாற்காலிகளும் இதற்கு நேர் எதிர். முகூர்த்த நாளுக்கு முதல் நாள் இரவு பதினோரு மணிக்கு வண்டி வந்து நிற்கும். அவர்களுக்கு வாசல் ஓரம், தனிக் கதவு.

கண்டெய்னர் பற்றி ஒரு வார்த்தை. காலி நிலம் மட்டும் இருந்தால் இருபது அடிக் கண்டெய்னர்களை இறக்கி வாடகைக்கு விடலாம் என்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 33 கன மீட்டர் இடம் உண்டு, நிலத்தை விற்றால் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் சித்திரை வெயிலில் மூடிய இரும்புப் பெட்டிக்குள் கை வைத்துப் பாருங்கள். இரும்புக் கம்பி, பம்ப் உதிரி பாகம், போர்வெல் போடும் ரிக் வண்டிச் சாமான் வைக்கச் சரி. வீட்டுச் சாமானுக்கு நான் சொல்லமாட்டேன்.

எந்த வழியானாலும் முதல் செலவு

நம் பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது. கடலோர ஊர்களைவிடக் காற்று உலர்வாக இருப்பதால், முழுக் கட்டடத்துக்கும் ஏசி போட வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் நமக்கென்று மூன்று தொல்லைகள் உண்டு. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஷட்டருக்கு அடியில் இருக்கும் விரல் அகல இடைவெளியில் புழுதியை வாரிக் கொட்டும். சித்திரையில் தகரக் கூரை கொதிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வரும்போது தரையிலிருந்து ஈரம் ஏறும். தரையில் நேரடியாக வைத்த அட்டைப்பெட்டியின் அடி வரிசையைத் தொட்டால் தெரியும். மேல் பெட்டி மொரமொரவென்று இருக்கும், அடிப் பெட்டி அப்பளம் நமுத்ததுபோல் தொய்ந்து, பக்கவாட்டில் பிதுங்கியிருக்கும். உள்ளே இருக்கும் வெள்ளைத் துணியில் அடுத்த மாதம் கறுப்புப் புள்ளி.

ஷட்டருக்கு அடியில் பிரஷ் பட்டை, கூரைக்கு வெப்பத் தடுப்பு, உச்சியில் சுழலும் காற்றாடி, ஒவ்வொரு அறைக்கும் மரப் பலகைத் தட்டு, நடைபாதையில் ஈரப்பத மானி. ஈரம் 65 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்க வாய்ப்பு அதிகம். மானியைப் போட்டோ எடுத்து மாதம் ஒருமுறை வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், ஆப் இல்லாமலே அவருக்குத் தன் சாமான் பத்திரமாக இருக்கிறது என்று தெரியும். இந்தச் செலவுகள் முடிந்து பணம் மிச்சம் இருந்தால் பிறகு ஆப் பற்றிப் பேசலாம்.

தடுப்புச் சுவர் விஷயத்திலும் இதே எண்ணம்தான். செங்கல் சுவர் தீக்கும் திருட்டுக்கும் உறுதி, ஆனால் கட்டியபின் மாற்ற முடியாது. போல்ட் போட்டு நிறுத்தும் தகரத் தடுப்பில், 50 சதுர அடி அறைகள் காலியாகக் கிடந்து 100 சதுர அடிக்கு ஆள் காத்திருந்தால், ஒரு தடுப்பைக் கழற்றிவிடலாம். என் யோசனை, பத்து அறைக்கு ஒரு செங்கல் சுவர், அதற்குள் தகரத் தடுப்பு. தடுப்பு போடுவதற்கு முன் தரையில் சுண்ணாம்பால் அறைகளை வரைந்து, உங்கள் வீட்டுக் கட்டிலையும் பீரோவையும் கொண்டுவந்து நிஜமாகவே வைத்துப் பாருங்கள். கதவு திறக்க இடம் போதாதது அப்போதுதான் தெரியும்.

பழைய தறி செட்டு என்றால் இன்னும் சில வேலை. கூரைச் சட்டங்களில் வருடக்கணக்கில் படிந்த பஞ்சுத் தூசியை முழுதாக எடுத்தாக வேண்டும், ஒரு பொறி பட்டால் அதுவே தீக்கு வழி. விசைத்தறிக்குக் கொடுத்த சலுகை மின் இணைப்பில் குடோன் நடத்தக் கூடாது, வணிக இணைப்புக்கு மாற்றிவிடுங்கள். அறைக்குள் பிளக் பாயிண்ட் வேண்டாம். கேஸ் சிலிண்டர், பெட்ரோல், பட்டாசு, எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரி எதுவும் உள்ளே வரக் கூடாது என்பதை ஒப்பந்தத்திலும் எழுதி, சுவரிலும் எழுதுங்கள்.

சரி, எந்த ஊருக்கு எது? கோவையின் சரவணம்பட்டி, பீளமேடு பக்கம் செட்டு இருந்தால் சொந்தப் பூட்டு அறைகளோடு தொடங்கி, வீட்டுக்கு வண்டி அனுப்புவதைச் சோதித்துப் பார்க்கலாம். ஐடி வேலையில் இருப்பவர்கள், கல்லூரி மாணவர்கள், சூலூர் விமானப்படைத் தளத்தில் மாறுதல் ஆகிறவர்கள் என்று மாதக்கணக்கில் வைத்து எடுப்பவர்கள் அங்கே உண்டு. திருப்பூர், கரூர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வியாபாரிகளுக்கான வழி. ஈரோட்டில் பாதிக் குடோனை விளைபொருளுக்கே வைத்துக்கொண்டு மீதியைத் தடுப்பது நல்லது, ஆனால் மஞ்சள் வாசம் துணியில் ஏறாதபடி நடுவில் முழுச் சுவர் வேண்டும். கோபி, தாராபுரம், காங்கேயம் போன்ற ஊர்களில் முழுக் கட்டடத்தையும் தடுக்காதீர்கள். முன்பக்கம் எட்டு அறை மட்டும் போட்டு, பின்பக்கத்தை ஒரே ஆளுக்கு விடுங்கள். எட்டும் நிரம்பிக் காத்திருப்போர் வந்தால் பின்பக்க ஒப்பந்தம் முடியும்போது யோசிக்கலாம்.

வேலையை மாசியில் தொடங்கினால் நல்லது. கல்லூரி விடுதி காலியாவதும், பள்ளி மாற்றிக் குடும்பங்கள் இடம் பெயர்வதும் சித்திரை, வைகாசியில்தான். அதற்குள் அறைகள் தயாராக இருக்க வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாற்றுபவர்கள் குறைவு, புது ஆள் வருவதும் குறையும். அந்த மாதங்களைக் கூரை ஒழுக்கு பார்க்கவும், தடுப்பை மாற்றவும், ஆட்டோபே போடாத வாடிக்கையாளரை நேரில் பார்த்துப் பேசவும் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.